வடசென்னைப் பள்ளிக்கு இசைக்கருவி வாங்க நிதி திரட்டுவது எப்படி: இளம் இசைக்கலைஞர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிடார் வாசிக்கிறீர்கள், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறீர்கள், இல்லை கானா குழுவில் டோலக் அடிக்கிறீர்கள். வயது பதினெட்டோ இருபத்திரண்டோ. நீங்கள் படித்த பள்ளியிலோ பக்கத்துத் தெருப் பள்ளியிலோ பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஒரு கருவிகூட இல்லை, நாமே பணம் திரட்டி வாங்கிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக இறங்குபவர்களில் பெரும்பாலானோர் முதல் நாளே க்யூஆர் கோடு போட்டு வாட்ஸ்அப்பில் பரப்பிவிடுகிறார்கள். பணமும் ஓரளவு வந்துவிடும். அப்புறம்தான் பள்ளிக்குப் போய்ப் பேசுகிறார்கள். அங்கே கற்றுத்தர ஆள் இருக்காது, வைக்க இடம் இருக்காது, வாங்கிய கருவி ஒரு புகைப்படத்தோடு பீரோவுக்குள் போய்விடும். பணம் கேட்பது இந்த வேலையில் பாதி வழி தாண்டி வர வேண்டியது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. நம்பிக்கையான இரண்டு பேர், அதில் ஒருவராவது உங்களைவிட மூத்தவராக, நிலையான வேலையில் இருப்பவராக இருந்தால் நல்லது. வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு வங்கிக் கணக்கு. ஒரு கல்வியாண்டு முழுக்க வாரத்தில் அரைநாள். இந்த அரைநாளை ஒதுக்க முடியாது என்றால், ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் யாரோடாவது சேர்ந்துகொள்ளுங்கள், அதுவும் பெரிய உதவிதான்.

1. ஒரே ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்

“ஐந்து பள்ளிகளுக்குத் தலா இரண்டு கீபோர்டு” என்று போஸ்டரில் போட்டால் நன்றாக இருக்கும். ஆனால் முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இரண்டு கீபோர்டு என்றால் இரண்டு பேர் வாசிப்பார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள், ஒரு மாதத்தில் ஆசை போய்விடும். ஒரு பள்ளியில் ஒரு வகுப்புக்குப் பாதிப் பேருக்காவது கையில் கருவி கிடைக்கும் அளவு வாங்குங்கள்.

பள்ளி உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்திலோ ஒரே பஸ்ஸில் போகும் தூரத்திலோ இருக்கட்டும். வியாசர்பாடியில் இருப்பவர் எண்ணூரில் ஒரு பள்ளியைப் பிடித்தால் கம்பி அறுந்த கிடார் அறுந்தபடியே கிடக்கும். கூப்பிட்டால் சாயங்காலமே போக முடிகிற தூரம்தான் சரி.

முதல்முறை போகும்போது எந்த வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். பள்ளியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள், முடிந்தால் ஸ்டோர் ரூமைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சுதந்திர தின அணிவகுப்புக்கு எப்போதோ வாங்கிய பேண்ட் டிரம், துருத்தி கிழிந்த ஆர்மோனியம் என்று ஏதாவது இருக்கும். டிரம்முக்குப் புதுத் தோல் போட ஆகும் செலவு புது டிரம் விலையில் சிறு பங்குதான். அதோடு, பள்ளியின் சொந்தப் பொருளைச் சரிசெய்து கொடுத்தவர் என்ற பெயரோடு தொடங்கினால் அடுத்தடுத்த பேச்சு சுலபமாகிவிடும்.

2. யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வடசென்னையில் மூன்று வகைப் பள்ளிகள் அடுத்தடுத்த தெருக்களிலேயே இருக்கும். மாநகராட்சி நடத்தும் சென்னைப் பள்ளிகள், பள்ளிக்கல்வித் துறையின் அரசுப் பள்ளிகள், அரசு உதவி பெறும் பள்ளிகள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் உதவி பெறும் பள்ளிகள் நிறைய, பெரும்பாலும் மிஷன் பள்ளிகள்.

உதவி பெறும் பள்ளியில் தாளாளர் சரி என்றால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். மாநகராட்சிப் பள்ளி என்றால் விஷயம் ரிப்பன் மாளிகையில் உள்ள மாநகராட்சிக் கல்வித் துறை வரை போகும். அரசுப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலகம். சென்னைப் பள்ளி ஒன்றில் வெளியாள் பேசிய பேச்சு 2024 செப்டம்பரில் பெரிய சர்ச்சையான பிறகு, வெளியிலிருந்து யார் வந்தாலும் தலைமையாசிரியர்கள் எழுத்தில் கேட்கிறார்கள். அது உங்கள் மேல் உள்ள சந்தேகமில்லை, மனம் தளராதீர்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். நீங்கள் யார், எந்த வகுப்புக்கு, வாரத்தில் எந்த நாள், எவ்வளவு நேரம், பள்ளிக்கு ஒரு ரூபாய் செலவில்லை, பிள்ளைகளிடம் பணம் வாங்க மாட்டோம். இவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் பள்ளி முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். பின்னால் நன்கொடை கேட்கும்போது “பள்ளிக்குத் தெரியுமா?” என்ற முதல் கேள்விக்கு அந்தப் பிரதிதான் பதில்.

அப்புறம், இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த குழு அது, பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. தீர்மானமாக எழுதி வைத்தால் ஒரு பெரிய ஆபத்திலிருந்து தப்பலாம்: கோடை விடுமுறைக்குப் பிறகு தலைமையாசிரியர் இடமாற்றலில் போய்விட்டால், புதிதாக வருபவருக்கு உங்களைத் தெரியாது, கூட்டப் பதிவேட்டில் இருப்பது மட்டுமே தெரியும்.

3. கற்றுத்தருபவர், அறை, சாவி: இந்த மூன்றும் முடியாமல் பணம் கேட்காதீர்கள்

நான் அதிகம் வற்புறுத்துவது இந்தப் படியைத்தான். கருவி வாங்குவது சுலபம். மூன்றாவது மாதமும் அது பிள்ளைகள் கையில் இருப்பதுதான் கஷ்டம்.

கருவி ஏன் பீரோவுக்குள் போகிறது? பலரும் தலைமையாசிரியரைக் குறை சொல்கிறார்கள். அவருடைய நிலையிலிருந்து பாருங்கள். பள்ளிக்குக் கொடுத்த பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறும். ஏறிவிட்டால் அது தொலைந்தாலும் உடைந்தாலும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எட்டாயிரம் ரூபாய் கீபோர்டை ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து, விழுந்து உடைந்தால் யார் எழுதுவது? அந்தப் பயத்தில்தான் பூட்டு விழுகிறது.

இதற்கு இரண்டு வழி. கருவிகளைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டு, பழுது, உடைசல் எல்லாம் எங்கள் செலவு என்று ஓராண்டுக்கு எழுதிக் கொடுப்பது ஒன்று. கருவிகள் உங்கள் பக்கத்து அறக்கட்டளை அல்லது படிப்பகத்தின் பெயரில் இருக்க, பள்ளிக்குப் பயன்பாட்டுக்கு மட்டும் தருவது இன்னொன்று. முதல் ஆண்டுக்கு இரண்டாவது வழியைத்தான் நான் சொல்வேன். பயம் போன பிறகு பள்ளியே கேட்கும், அப்போது எழுதிக் கொடுக்கலாம்.

சாவி யாரிடம் என்பதைப் பெயரோடு முடிவு செய்யுங்கள். பள்ளியில் பாட்டில் ஆர்வமுள்ள ஒரு ஆசிரியர் நிச்சயம் இருப்பார். கணக்கு டீச்சராக இருக்கலாம், பி.டி. சாராக இருக்கலாம். அவரிடம் ஒரு சாவி, அலுவலகத்தில் ஒரு சாவி. ஒரே சாவி இருந்தால் அவர் லீவு போடும் நாளெல்லாம் வகுப்பு கிடையாது.

கற்றுத்தருபவருக்கு மதிப்பூதியம் கொடுங்கள். நண்பர்தானே, இலவசமாக வருவார் என்று கணக்குப் போடாதீர்கள். கச்சேரி சீசன், கல்யாண சீசன் வந்தால் இலவச வேலைதான் முதலில் விடுபடும், அதில் அவர் தவறு ஒன்றுமில்லை. அரசு இசைக் கல்லூரி மாணவர்கள், உங்கள் ஏரியா பேண்ட் செட் அண்ணன்கள், சர்ச் பாடகர் குழுவில் இருப்பவர்கள் எல்லோரையும் கேட்டுப் பாருங்கள்.

அறை முதல் மாடியில் இருக்கட்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பக்கம் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தளத்தில் இருந்தது எதுவும் மிஞ்சவில்லை என்று சொன்னவர்கள் எத்தனை பேர். மாடி இல்லையென்றால் அலமாரியின் மேல்தட்டைக் கேளுங்கள்.

நேரத்தையும் கால அட்டவணைக்குள்ளேயே வாங்கப் பாருங்கள், கடைசிப் பாடவேளை பொருத்தம். பள்ளி விட்ட பிறகு என்றால் தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டிய பெண் பிள்ளைகள் வர மாட்டார்கள்.

4. எந்தக் கருவி என்பதை நீங்கள் வாசிப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்

கிடார் வாசிப்பவர் கிடார்தான் வாங்க நினைப்பார். வகுப்புக்கு எது ஒத்துவரும் என்பது வேறு கணக்கு: பழுது பார்க்க ஆள் பக்கத்தில் இருக்கிறாரா, ஒரு கருவியை மூன்று பேர் மாற்றி மாற்றி வாசிக்க முடியுமா, கடற்காற்றைத் தாங்குமா.

கீபோர்டு தொடக்கத்துக்கு நல்லது. ஸ்ருதி சேர்க்க வேண்டாம், அழுத்தினால் சத்தம் வரும், ஒன்றில் இரண்டு பேர் உட்காரலாம். வாங்கும்போது பேட்டரியிலும் ஓடும் மாடலாகப் பாருங்கள், எல்லா வகுப்பறையிலும் பிளக் பாயின்ட் வேலை செய்யும் என்று நம்பிப் போகாதீர்கள்.

மெலோடிகா என்ற சின்ன ஊதும் கீபோர்டு விலை குறைவு, ஆனால் வாய் வைத்து ஊதுவது. பிள்ளைக்கு ஒரு ஊதுகுழாய் தனியாக வாங்கிப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். புல்லாங்குழல் போன்ற ரெக்கார்டருக்கு அதுவும் முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

கிடார் என்றால் சிறு பிள்ளைகளுக்கு முக்கால் அளவு, நைலான் கம்பி. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலோரம் போகப் போக எஃகுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், பிஞ்சு விரலையும் அறுக்கும்.

பறையும் டோலக்கும் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தப் பிள்ளைகளுக்குத் தாளம் புதிதில்லை, பெஞ்சில் தட்டியே கானா பாடுகிறவர்கள். கற்றுத்தரத் தெருவிலேயே ஆள் உண்டு, தோல் மாற்றவும் உண்டு. சில இடங்களில் “சாவு மேளம் பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு?” என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது சாதி என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்கும் பிள்ளைக்கும் தெரியும். அதற்காகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அரசே 2022-23 கல்வியாண்டு முதல் நடத்தும் கலைத் திருவிழாவில் நாட்டுப்புறக் கலைகளுக்குப் போட்டி உண்டு, அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறோம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மழைக்காலத்தில் தோல் தொய்ந்துவிடும், பள்ளியில் தீ மூட்டிக் காய்ச்ச முடியாது என்பதால் இரண்டு பறையாவது ஃபைபர் முகம் போட்டதாக வாங்குங்கள்.

5. இலக்குத் தொகையைக் கணக்குப் போட்டு எழுதுங்கள்

இரண்டு கடையிலாவது எழுத்தில் விலைப்பட்டியல் வாங்குங்கள். பாரிமுனை, பிராட்வே பக்கம் ஒரு கடை, அண்ணா சாலையில் ஒரு கடை என்று போய்ப் பாருங்கள். 1842-இலிருந்து இருக்கும் மியூசி மியூசிக்கல் அண்ணா சாலையில்தான் இருக்கிறது. விலை கேட்கும்போது வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். கையால் செய்யும் நம் நாட்டு வாத்தியங்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது, கீபோர்டுக்கு உண்டு. வரியை மறந்துவிட்டுப் போட்ட இலக்கு கடைசியில் இடிக்கும்.

கணக்கு இப்படி அமையலாம். கருவிகள் 60,000 ரூபாய். பை, ஸ்டாண்டு, அடாப்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 8,000. பயிற்றுநருக்கு வகுப்புக்கு 500 வீதம், வாரம் இரண்டு வகுப்பு, நாற்பது வாரம், 40,000. பழுதும் கம்பியும் தோலும் 12,000. ஆக 1,20,000. உதாரணத்துக்குச் சொன்ன தொகைதான், உங்கள் கணக்கு மாறும். ஆனால் பாதிதான் கருவி என்பதைக் கவனியுங்கள். மீதிப் பாதியை மறைத்து “கருவிக்கு மட்டும்” என்று கேட்டால் ஆடி மாதம் பயிற்றுநருக்குக் கொடுக்கக் காசு இருக்காது.

இதையே இரண்டு கட்டமாகப் பிரித்து அறிவியுங்கள். முதல் 60,000 வந்தால் கருவிகளில் இன்னின்னது மட்டும், கூடவே ஆறு மாதப் பயிற்சி, அதற்கு மேல் வந்தால் மீதி. முழு இலக்கு எட்டாவிட்டாலும் ஏதாவது நடக்கும் என்று கொடுப்பவருக்குத் தெரிய வேண்டும், உங்களுக்கும் நிம்மதி.

6. பணம் எந்தக் கணக்கில் வர வேண்டும்

உங்கள் சம்பளமோ கல்வி உதவித்தொகையோ வரும் கணக்கின் க்யூஆரைப் போடவே போடாதீர்கள். முகம் தெரியாதவர்களிடமிருந்து சின்னச் சின்னத் தொகையாக நிறைய வரும்போது, அதில் ஒன்று ஏதோ ஒரு சைபர் மோசடிப் புகாரில் தொடர்புடைய பணமாக இருந்தால், வங்கி அந்தத் தொகையையோ சில சமயம் கணக்கையே கூடவோ முடக்கிவிடும். உங்கள் மேல் தவறே இல்லாவிட்டாலும் விடுவிக்க அலைய வேண்டும்.

நல்ல வழி, ஏற்கெனவே பதிவான, 80ஜி சான்று (கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க வழிசெய்வது) உள்ள அறக்கட்டளையோடு சேர்வது. பணம் அவர்கள் கணக்குக்குப் போகும், ரசீது அவர்கள் தருவார்கள், பொருள் வாங்க நேரடியாகக் கடைக்கு அனுப்புவார்கள். அவர்கள் நிர்வாகச் செலவுக்கு எத்தனை சதவீதம் எடுப்பார்கள் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். அரசுப் பள்ளி என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய “நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி” திட்டமும் இருக்கிறது. அதன் தளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து நன்கொடை கொடுக்கலாம், பெரிய தொகை கொடுப்பவர்களை அங்கே அனுப்பலாம்.

அப்படி யாரும் கிடைக்கவில்லையா, இரண்டு பேர் சேர்ந்து ஒரு கூட்டுக் கணக்கு தொடங்குங்கள், இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டில். “அவன் மட்டும்தான் வைத்திருக்கிறான்” என்ற பேச்சு எழவே இடம் தராது. இந்த வழியில் வரிவிலக்கு கிடையாது என்பதைக் கேட்பவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வரி பற்றித் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி சலுகை கிடைக்காது. பொருளாகக் கொடுத்தாலும் கிடைக்காது.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம். துபாயில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் அது 2010 வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) வெளிநாட்டு நன்கொடை, அதற்கான பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. பாசத்தோடு அனுப்புவார்கள், நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

7. எப்போது கேட்பது

பள்ளியோடு பேச்சு டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே. மார்ச், ஏப்ரலில் தேர்வு, யாரும் உங்களோடு பேச மாட்டார்கள். வசூல் பொங்கலை ஒட்டித் தொடங்கி மார்ச்சுக்குள் பெரும்பகுதி முடிந்துவிட்டால் மே மாதம் வாங்கி, ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பு ஆரம்பிக்கலாம். அப்படியென்றால் பள்ளி, பயிற்றுநர், விலை எல்லாம் முந்தைய அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே ஒரு வடிவத்துக்கு வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவசரப்படாமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள்.

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போகாதீர்கள். மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் வருமானம் இருக்காது. அந்த நேரத்தில் நீட்டிய கையில் இல்லை என்று சொல்ல மனமில்லாமல் கடன் வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. அதே குடும்பங்கள் நல்ல சீசனில் தாமாகவே கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

ஆடி மாதம் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றும் வசூல் நடக்கும். அதோடு மோதாதீர்கள்.

8. யாரிடம் முதலில், என்ன சொல்லி

முதலில் உங்களைத் தெரிந்தவர்கள். உறவு, கல்லூரி, கூட வாசிப்பவர்கள். இலக்கில் மூன்றில் ஒரு பங்கு இவர்களிடமிருந்து வந்த பிறகுதான் பொதுவில் அறிவியுங்கள். பூஜ்யத்தில் நிற்கும் வசூலுக்கு முதல் ஆளாகக் கொடுக்க யாரும் வர மாட்டார்கள்.

அடுத்து அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள். இவர்களைவிட நல்ல நன்கொடையாளர் கிடையாது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும், ஒருவரைப் பிடித்தால் போதும். அப்புறம் வியாபாரிகள் சங்கம், ஆட்டோ ஸ்டாண்டு, துறைமுகத் தொழிலாளர்கள். இங்கெல்லாம் எண் போட்ட ரசீது புத்தகத்தோடு நேரில் போங்கள், ஐம்பது ரூபாய்க்கும் ரசீது எழுதுங்கள். மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியை நம்பி முதல் ஆண்டுத் திட்டம் போடாதீர்கள். அதற்குப் பதிவு பெற்ற அமைப்பு வேண்டும், முடிவாகவும் மாதக்கணக்காகும்.

செய்தியில் ஒரு தெளிவான தொகையும் அதற்கு என்ன கிடைக்கும் என்பதும் இருக்க வேண்டும். “உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்” என்றால் நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளிவிடுவார்கள். “ஒரு பறைக்குத் தோல் மாற்ற இவ்வளவு, ஒரு மாதப் பயிற்சிக்கு இவ்வளவு, இதில் எதை எடுத்துக்கொள்கிறீர்கள் அண்ணா?” என்று கேளுங்கள். கூடவே நீங்கள் வாசித்த ஒரு நிமிட வீடியோ அனுப்புங்கள், நீங்கள் இசைக்கலைஞர் என்பதுதான் உங்களிடம் உள்ள பெரிய பலம்.

இன்னொன்று, இதில் நான் கண்டிப்பு. பிள்ளைகளைப் பரிதாபமாகக் காட்டிப் பணம் வாங்காதீர்கள். கிழிந்த சட்டை, அழுத முகம், “குடிசைப் பிள்ளைகள்”, “வழிதவறிப் போகாமல் காப்போம்” இதெல்லாம் வேண்டாம். வடசென்னை என்றாலே கத்தியும் ரவுடியும் என்று பேசிப் பேசி ஏற்கெனவே போதுமான அளவு காயப்படுத்திவிட்டார்கள். அந்த வாசகத்தை அந்தப் பிள்ளையே ஒரு நாள் படிக்கும். படம் போடுவதென்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பெயரும் வகுப்பும் போடாதீர்கள். கருவியைப் பிடித்திருக்கும் கை மட்டும் போதும்.

உபயம் பற்றியும் முன்பே முடிவு செய்யுங்கள். கோயில் டியூப்லைட்டில் எழுதுவது போலக் கீபோர்டில் பெயர் எழுதச் சொல்பவர்கள் வருவார்கள், கட்சிக் கொடியோடு படம் கேட்பவர்களும் வருவார்கள். எந்தக் கருவியிலும் யார் பெயரும் கிடையாது, எல்லோர் பெயரும் கணக்குப் பட்டியலில் இருக்கும் என்று ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லுங்கள். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்தவருக்கு மறுக்க முடியாது.

9. கச்சேரி நடத்துவதென்றால்

செலவு வரவை விழுங்காமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் முக்கியம். மேடை, லைட், சவுண்ட் என்று வாடகைக்கு எடுத்தால் வந்த பணம் அதற்கே போகும். சர்ச் வளாகம், சமுதாயக் கூடம், மொட்டை மாடி இதில் ஏதாவது ஒன்று. தெருவில் என்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, ஒன்பதரைக்கே முடித்துவிடுங்கள்.

நுழைவு இலவசம், க்யூஆர் நான்கு இடத்தில், பூட்டுப் போட்ட உண்டியல் ஒன்று. உண்டியலை அன்றே அங்கேயே மூன்று பேர் முன்னால் திறந்து எண்ணி எழுதுங்கள். சினிமாப் பாட்டைப் பொது மேடையில் வாசிக்க உரிமம் வேண்டியிருக்கும், வீடியோ போட்டாலும் சத்தத்தை முடக்கிவிடுவார்கள். சொந்தப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, கானா என்று நிகழ்ச்சியை அமையுங்கள், கூட்டத்துக்கும் அதுதான் பிடிக்கும்.

10. வாங்கும் நாள்

பயிற்றுநரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு கருவியையும் கடையிலேயே வாசித்துப் பாருங்கள், பெட்டி பிரிக்காமல் வாங்கி வராதீர்கள்.

கிடார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளின் (ஃபிரெட்) ஓரமாக விரலை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். விலை குறைந்த கிடாரில் ஃபிரெட் முனைகள் துருத்திக்கொண்டு பிள்ளை கையைக் கீறும். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழும் ஸ்வரமும் அதே இடத்தில் அழுத்தி எழும் ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும், விலகினால் அந்தக் கிடார் எவ்வளவு ஸ்ருதி சேர்த்தாலும் நிற்காது. கீபோர்டில் ஒரு கட்டைகூட விடாமல் மெதுவாகவும் ஓங்கியும் அழுத்துங்கள்.

அடாப்டரில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. கேசியோவின் சிறிய மாடல்கள் பல 9.5 வோல்ட், யமஹாவின் சிறிய மாடல்கள் பல 12 வோல்ட். இரண்டும் கலந்து வாங்கினால் ஒரே வாரத்தில் மாற்றிச் செருகுவார்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக வாங்குங்கள், இல்லையென்றால் கீபோர்டிலும் அடாப்டரிலும் ஒரே எண்ணைப் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள்.

பில்லில் ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணும் வர வேண்டும். உத்தரவாதத்துக்கும் பதிவேட்டுக்கும் அதுதான் அடையாளம்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கருவியைத் தருகிறேன் என்பார்கள். வாங்குவதற்கு முன் படம் மட்டும் கேட்காமல் வாசிக்கும் வீடியோ கேளுங்கள். சரிசெய்யும் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

11. ஒப்படைப்பும் கணக்கும்

விழா சின்னதாக இருக்கட்டும். பெரிய மனிதர் வர மூன்று வாரம் காத்திருந்தால் மூன்று வார வகுப்பு போச்சு. பிள்ளைகள் அன்றே வாசிக்கட்டும்.

ஒப்படைப்புக் கடிதத்தில் கருவிப் பட்டியல், வரிசை எண், யாருடைய உடைமை, பழுது யார் பொறுப்பு, சாவி யாரிடம் என்று ஐந்தையும் எழுதி மூன்று பிரதி எடுங்கள்: பள்ளிக்கு, உங்களுக்கு, மேலாண்மைக் குழுவுக்கு.

கணக்கை ஒப்படைத்த வாரத்துக்குள்ளேயே கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். வரவு, செலவு, பில் படம், மீதி. மீதி நூறு ரூபாயாக இருந்தாலும் அது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு ரசீது எண் மட்டும் போடுங்கள்.

12. முதல் ஆண்டில் கூடவே இருங்கள்

மாதம் ஒருமுறை நீங்களே அறைக்குப் போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வாசித்துப் பாருங்கள். கிடார் கம்பியை வாசித்த பிறகு காய்ந்த துணியால் துடைக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், செருப்புக் கடையிலும் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

ஒரு நோட்டு, அதில் கருவி எண், என்ன கோளாறு, என்றைக்குச் சரியானது. அதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் அந்த நோட்டை எவ்வளவு பொறுப்பாக வைத்திருந்தாள் என்று நான் பார்த்திருக்கிறேன்: எந்தக் கீபோர்டில் எந்தக் கட்டை மாட்டுகிறது என்று படம் போட்டு அம்புக்குறி வைத்து எழுதியிருந்தாள். அவளுக்கு அப்புறம் அந்தப் பள்ளியில் யாரும் பூட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மழைக்கு முன், செப்டம்பர் காலாண்டு விடுமுறையிலேயே எல்லாவற்றையும் மேல்தட்டுக்கு ஏற்றி பிளாஸ்டிக் உறை போடுங்கள். ஏப்ரலில் கடைசித் தேர்வு முடிந்த அன்று கீபோர்டு, ஸ்ருதிப்பெட்டி, டியூனர் எல்லாவற்றிலிருந்தும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கோடை வெயிலில் பூட்டிய அறையில் பேட்டரி கசிந்தால் ஸ்பிரிங் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, ஜூனில் திறக்கும்போது கீபோர்டு உயிரோடு இருக்காது. கழற்றிய பேட்டரிகளை ஒரு டப்பாவில் போட்டு மேலே தேதி எழுதி, சாவி வைத்திருக்கும் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.